புரோட்டீன் எஸ் குறைந்தால் குழந்தை தங்காதா?

கேள்வி சுருக்கமாக இது. வயது 27. முதல் இரண்டு முறையும் எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது முறை, 15 வாரம் ஆகிறது, ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது. ரத்தம் எளிதில் உறையும் தன்மை இருக்கிறதா என்று பார்க்கப் போன வாரம் எடுத்த ‘த்ராம்போஃபிலியா’ ரத்தப் பரிசோதனையில் புரோட்டீன் எஸ் 38 சதவீதம்தான் என்று வந்திருக்கிறது. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாகவும் போட்டிருக்கிறது, மற்றவை இயல்பு. அன்றிலிருந்து தினமும் வயிற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. “எனக்கு ரத்தம் உறையும் நோயா? ஊசி குழந்தையைப் பாதிக்குமா? நிறுத்தினால் இதுவும் போய்விடுமா?”

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிரசவ வார்டில் இருப்பவள் என்ற முறையில் முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளை மட்டும் வைத்து உங்களுக்கு ரத்தம் உறையும் நோய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. ஊசி குழந்தையைப் பாதிக்காது. ஆனால் அது உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. அதை உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கர்ப்பம் என்றாலே ரத்தம் சீக்கிரம் உறையும்படி மாறும். அது நோய் இல்லை, உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 600, 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அதுவரை அதற்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பைத் தசை சுருங்கி அவற்றை நெரித்துப் பிடிக்கும், உள்ளே ரத்தம் உறைந்து அடைக்கும். இரண்டும் சில நிமிஷங்களுக்குள் நடக்க வேண்டும். அதற்கு உடம்பு மாதக்கணக்கில் முன்கூட்டியே தயாராகிறது. உறைகட்டியின் வலையாக அமையும் ஃபைப்ரினோஜன் சாதாரணமாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் இருக்கும், நிறைமாதத்தில் 4 முதல் 6 ஆகிவிடும். உறைய உதவும் மற்ற புரதங்களான ஏழாம் காரணி, எட்டாம் காரணி, வான் வில்லிபிராண்ட் காரணி எல்லாமே ஏறும். கூடவே, உறைதலுக்குப் பிரேக் போடும் புரதமான புரோட்டீன் எஸ் இறங்கும்.

உங்கள் விஷயம் இங்கேதான் இருக்கிறது. லேப் தாளில் ‘இயல்பு’ என்று அச்சடித்திருக்கும் அளவு கர்ப்பம் இல்லாத பெண்களை வைத்துப் போட்டது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் புரோட்டீன் எஸ் பார்க்கத்தான் வேண்டுமென்றால், 30 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் யோசிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம். கடைசி மூன்று மாதங்களுக்கு அந்தக் கோடு 24. உங்களுக்கு வந்திருப்பது 38. ஐப்பசி மழையில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருஷம் முழுக்க இதே தண்ணீர்தான் என்று சொல்ல முடியுமா? இதுவும் அப்படித்தான், தலைகீழாக.

எம்டிஎச்எஃப்ஆர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது உறைதல் காரணியே இல்லை, ஃபோலேட்டை உடம்பு பயன்படுத்த உதவும் ஒரு நொதி. அந்த மாற்றம் ஏராளமான ஆரோக்கியமான மனிதர்களிடம் இருக்கிறது. கருக்கலைவுக்காக அதைப் பரிசோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் 2013-லேயே எழுதிவிட்டார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எல்லோரையும் போலப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த வரியை மறந்துவிடுங்கள்.

இந்தப் பரிசோதனைப் பட்டியலே எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1993-ல் ஸ்வீடனின் மால்மோவில் டால்பேக் என்ற ஆய்வாளர், சிலருடைய ரத்தம் இயற்கையான பிரேக்குக்குக் கட்டுப்படுவதில்லை என்று கண்டார். அடுத்த வருஷமே நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பிடித்துவிட்டார்கள். அதனால்தான் ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ என்று பெயர். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, நம் மக்களிடம் அதைவிடக் குறைவு. 1996-ல், உறைய உதவும் இன்னொரு புரதமான புரோத்ராம்பினின் மரபணுவிலும் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அது நம்மிடம் இன்னும் அரிது. காலில் ரத்தம் உறைவதற்கு இவை காரணமாகின்றன என்பது உறுதியானதும், அப்படியென்றால் நஞ்சுக்கொடியிலும் உறைந்துதான் கரு கலைகிறதோ என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது. கேட்க நியாயமாகத் தெரிந்தது. நாங்களும் நம்பினோம். நானே எத்தனையோ பேருக்கு ஊசி எழுதியிருக்கிறேன்.

பிறகு ஒழுங்கான ஆய்வுகள் வந்தன. 2010-ல் நெதர்லாந்தில், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்த 364 பெண்களில் ஒரு பகுதிக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும், ஒரு பகுதிக்கு ஆஸ்பிரின் மட்டும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. சரி, பரம்பரையாக உறையும் தன்மை உறுதியானவர்களுக்காவது பலன் இருக்குமோ என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் 2023-ல் வந்தது. இரண்டோ அதற்கு மேலோ கருக்கலைவு ஆகி, பரம்பரைக் குறையும் உறுதியான 326 பெண்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வு. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. போடாதவர்களில் 71.

ஊசி இல்லாமலேயே 71 என்ற அந்த எண்ணைத்தான் நீங்கள் வீட்டில் சொல்ல வேண்டும். பத்து வாரத்துக்கு முன் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கணக்குப் பிசகியவை. யார் என்ன சாப்பிட்டார்கள், எந்தப் படியில் ஏறினார்கள், ரத்தம் கெட்டியா நீர்ப்பா என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. உங்கள் குழந்தையோ, நீங்கள் முன்பு இழந்த வாரங்களைத் தாண்டி 15-க்கு வந்துவிட்டது. இனி எல்லாம் நல்லபடியாக முடியும் வாய்ப்பு அந்த 71-ஐ விட மிக அதிகம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘மற்றவை இயல்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மற்றவையில் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் இருந்தனவா என்று பாருங்கள். மூன்று இருக்க வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். மரபணு, புரோட்டீன் எஸ் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த மூன்றை விட்டுவிட்ட ரிப்போர்ட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். வயிறு எரிகிறது. ஏனென்றால் இந்தப் பட்டியல் முழுவதிலும் கருவையே நேரடியாகத் தாக்குவதும், கண்டுபிடித்தால் சிகிச்சை பலிப்பதும் இது ஒன்றுதான்.

இது பரம்பரை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் செல்களையே தவறாக அடையாளம் காண்பதால் வருவது. 1983-ல் லண்டனில் கிரகாம் ஹியூஸும் அவருடைய குழுவும் இதைத் தெளிவாக விவரித்தார்கள். இந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு, அது கர்ப்பப்பைக்குள் ஆழமாக வேர்விடுவதையே கெடுத்துவிடும். உறைகட்டி அதற்கு மேல்தான். அதனால் தொல்லை ஆரம்ப வாரங்களோடு நிற்பதில்லை. பத்து வாரத்துக்குப் பிறகு நல்ல உருவத்தோடு இருந்த குழந்தையின் துடிப்பு நிற்பது, குழந்தை வளராமல் நின்றுபோவது, 34 வாரத்துக்கு முன்பே ரத்த அழுத்தம் எகிறி அவசரமாக எடுக்க வேண்டி வருவது எல்லாம் இதன் வேலை.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற பெயர் இரண்டு பக்கமும் ஏமாற்றும். இது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் என்ற நோய் கிடையாது. ஆன்டிகோயாகுலன்ட் என்றால் உறைவதைத் தடுப்பது, ஆனால் இது உடம்புக்குள் உறைய வைக்கிறது. கண்ணாடிக் குழாயில் மட்டும்தான் உறைதல் தாமதமாகும். அந்தத் தாமதத்தைப் பார்த்து வைத்த பெயர்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். மூன்று இழப்பு, கடைசியாகப் போனது 22 வாரக் குழந்தை. துணிப்பையில் பழைய காகிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் ஒரு மடித்த தாள், முதல் முறை கருவைச் சுத்தம் செய்வதற்கு முன் வேறோர் ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனை. ரத்தம் குழாயில் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டும் ஏபிடிடி என்ற எண் 35-க்குள் இருக்க வேண்டியது 58 என்று இருந்தது. பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம். ‘ரத்தம் நிற்காது போலிருக்கிறது’ என்று பிளாஸ்மா ஏற்றியிருக்கிறார்கள், அத்தோடு ஃபைலை மூடிவிட்டார்கள். அந்த வட்டத்தைப் பின்தொடர்ந்து யாராவது ஒரு பரிசோதனை செய்திருந்தால் அடுத்த இரண்டு இழப்பும் நடந்திருக்காமல் போயிருக்கலாம். நாங்கள் எடுத்துப் பார்த்தோம், பாசிட்டிவ். 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தோம், அப்போதும் பாசிட்டிவ். அந்த 12 வார இடைவெளி முக்கியம், காய்ச்சல் வந்துபோனால்கூட இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகும். அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலிருந்தே ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்தோம். 36-வது வாரத்தில் 2 கிலோ 100 கிராமில் பெண் குழந்தை.

இந்த இரண்டும் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு லண்டனில் 1997-ல் வந்த ஆய்வு ஒன்று போதும். ஆஸ்பிரின் மட்டும் போட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஹெப்பாரினும் சேர்த்துப் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மேலே சொன்ன 72-க்கும் 71-க்கும் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஊசி ஒன்றேதான். யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

உங்களுக்கு இந்த மூன்றும் இன்னும் பார்க்கவில்லை என்றால், ஊசி ஆரம்பித்துவிட்டதை லேபில் சொல்லுங்கள். ஹெப்பாரின் ரத்தத்தில் இருக்கும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவு தப்பாக வரலாம். மற்ற இரண்டுக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

இனி ஊசி. ஹெப்பாரின் பெரிய மூலக்கூறு, நஞ்சுக்கொடியைத் தாண்டாது, குழந்தையிடம் போகவே போகாது. உங்கள் மாமியாருக்கு இதைத் தைரியமாகச் சொல்லலாம். தாண்டிப் போவது, உறைவதைத் தடுக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அது குழந்தையின் மூக்கெலும்பு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால்தான் அந்த மாத்திரையை நம்பியிருக்கும், இதய வால்வு மாற்றிய பெண்களுக்குக் கர்ப்பம் என்றால் நாங்கள் அவ்வளவு பயப்படுகிறோம். பிரசவம் ஆன பிறகு தாய்ப்பால் கொடுக்கும்போது இரண்டுமே போடலாம்.

போடும்போது தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, பக்கவாட்டில், தோலைக் கொழுப்போடு மடிப்பாகப் பிடித்து ஊசியை நேராக இறக்குங்கள். மருந்து நிரப்பியே வரும் ஊசியில் தெரியும் காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். எடுத்த பிறகு தேய்க்காதீர்கள். தேய்த்தால் நாணயம் அளவு நீலம் பாயும். தேய்க்காவிட்டாலும் சில நாள் பாயும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்று, ஊசி போட்டு 12 மணி நேரம் ஆகாமல் முதுகில் மயக்க ஊசி போட முடியாது. வலி வந்த மாதிரி இருந்தால் அன்றைய ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனதும் கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

புரோட்டீன் எஸ் போன்ற பரம்பரைக் குறைகளால் உண்மையான ஆபத்து யாருக்கு, எப்போது என்று கேட்டால், பெரும்பாலும் உங்களுக்குத்தான், அதிலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தில். ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைகிறது. கால் என்றால் பெரும்பாலும் இடது கால். வலப்பக்கத்துத் தமனி, இடது காலிலிருந்து வரும் பெரிய சிரையின் மேல் குறுக்கே போகிறது. கர்ப்பப்பை கனக்கக் கனக்க அந்த இடம் நசுங்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை கனத்து வலித்தால் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைக் கர்ப்பத்தில் நம்ப முடியாது, எல்லோருக்குமே ஏறியிருக்கும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ காலில் இப்படி உறைந்தது உண்டா என்று வீட்டில் கேளுங்கள். உண்டென்றால் உங்கள் 38-ஐ நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன், பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் ஊசி போடச் சொல்லவும் செய்வேன்.

நம் ஊரில் இதைவிடக் கொடுமையான ஒன்றும் உண்டு. மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரை அடைத்துக்கொள்வது. பிள்ளை பெற்று ஒன்றிரண்டு வாரத்துக்குள், நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், திடீரென்று வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுவது. பழைய ஆட்கள் ஜன்னி என்று சொல்லிவிடுவார்கள். ‘பச்சை உடம்பு, தண்ணீர் குடிக்கக் கூடாது’ என்று வாயை மட்டும் நனைத்துவிட்டு, சித்திரை வெயிலில் மூடிய அறையில் படுக்க வைத்திருப்பார்கள். ஏற்கெனவே உறையத் தயாராக இருக்கும் ரத்தம் நீர் வற்றினால் இன்னும் கெட்டிப்படும். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்: பிரசவமான அன்றிலிருந்து தாகம் எடுக்கும் போதெல்லாம் தண்ணீர், அப்புறம் எழுந்து நடமாட்டம்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கிறது, உறைய வேண்டிய நேரத்தில் உறையாமல் போவது. உங்கள் கேள்வியில் அது இல்லை. ஆனால் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பதின்மூன்றாம் காரணி என்று ஒன்று, உறைகட்டியின் இழைகளை ஒன்றோடொன்று தைத்து இறுக்குவது அதன் வேலை. அது பிறவியிலேயே இல்லாத பெண்ணுக்கு நஞ்சுக்கொடி ஒட்டும் இடத்தில் கசிந்து கசிந்து கரு திரும்பத் திரும்பக் கலையும். மிக அரிதான குறை. குறையுள்ள மரபணு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு பிரதி வந்தால்தான் ஏற்படும், அதனால் அத்தை மகன், தாய்மாமன் என்று கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். வழக்கமான உறைதல் பரிசோதனைகள் எல்லாம் இயல்பு என்றே வரும், ஏமாந்துவிடுவோம். நான் கேட்கும் ஒரே கேள்வி, அதுவும் பெண்ணின் அம்மாவிடம்: “பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா?” ஆமாம் என்று பதில் வந்தால் உறைகட்டியை யூரியாவில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கரைந்துவிட்டால் சந்தேகம் பலப்பட்டது என்று அர்த்தம். இந்தக் காரணி ரத்தத்தில் நீண்ட நாள் தங்கும், கர்ப்பம் இல்லாதபோது சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாலே போதும், கர்ப்பத்தில் அதைவிட நெருக்கமாகத் தேவைப்படும். இப்படிப்பட்டவருக்கு யாராவது ‘கரு கலைகிறதே’ என்று ஹெப்பாரின் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டால் நல்ல ரத்தம்கூட உறையும் சக்தியைச் சில மணி நேரத்துக்குள் இழந்துவிடும். இருக்கிற ஃபைப்ரினோஜன் எல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதுதான் காரணம். லேப் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாத இரவுகளில் நாங்கள் செய்வது இதுதான். சுத்தமான சிறு கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் மூடிப் பிடித்துக்கொள்வோம். நான்கு நிமிஷம் கழித்து மெதுவாகச் சாய்த்துப் பார்ப்போம், பிறகு நிமிஷத்துக்கு ஒருமுறை. ஏழு நிமிஷமாகியும் தண்ணீர்போல ஓடினால், அல்லது தளதளவென்று உடைந்தால், ஃபைப்ரினோஜன் நிறைந்த கிரையோவும் பிளாஸ்மாவும் வரவேண்டும் என்று ரத்த வங்கிக்கு ஆள் ஓடுவார். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிஷங்கள் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பிரசவ ரத்தப்போக்கில் இப்போது டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி கையில் இருக்கிறது. 2017-ல் வெளியான, சுமார் இருபதாயிரம் பெண்களைச் சேர்த்த ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது என்று காட்டியது. 1962-ல் அந்த மருந்தைக் கண்டவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோடோவும் அவர் கணவரும். பிள்ளைப்பேற்றில் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே உடாகோவின் ஆசை. முடிவு வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, 2016-ல், அவர் காலமாகிவிட்டார்.

சரி, உங்களுக்கு வருகிறேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் மூன்றும் பார்த்தாயிற்றா? என் குடும்பத்தில் காலிலோ நுரையீரலிலோ உறைந்தவர்கள் இல்லை என்றால் இந்த ஊசியை எதற்காகத் தொடர வேண்டும்? ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து எனக்கு இருக்கிறதா, ஆஸ்பிரின் வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு அவசரம் உண்டு, ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. அவர் எரிச்சல்பட மாட்டார். நியாயமான காரணம் வைத்திருந்தால் சொல்வார், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், என் பதிலைவிட அவருக்கு உங்கள் உடம்பு நன்றாகத் தெரியும். ஆனால் நகையை அடகு வைத்து ஊசி வாங்கும் நிலைமை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

புரோட்டீன் எஸ்ஸை இப்போது மறுபடி எடுக்க வேண்டாம். பிரசவமாகி மூன்று மாதம் போகட்டும், கர்ப்பத்தடை மாத்திரை எதுவும் போடாமல் இருக்கும்போது எடுங்கள், ஈஸ்ட்ரோஜன் அதையும் இறக்கிக் காட்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால் அது உங்களுடைய உண்மையான அளவு. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது, அடுத்த பிரசவத்துக்குப் பிறகு ஊசி தேவைப்படலாம், உங்கள் தங்கைக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். இயல்பாக வந்துவிட்டால், இன்றைய தாளில் உள்ள 38-ஐப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘கர்ப்பத்தில் எடுத்தது’ என்று எழுதி ஃபைலில் வையுங்கள், அடுத்து பார்க்கும் மருத்துவர் அதைப் பார்த்துப் பதறாமல் இருக்க.